அழகிப் போட்டிக்கு மார்க் கூட்டிய வடிவு

மைசூரில் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் வடிவு இருபத்து மூன்று வருடங்களாக வேலை பார்க்கிறார். விடைத்தாள் திருத்துவது அவர் வேலை இல்லை. பேராசிரியர்கள் திருத்தி அனுப்பிய தாளை வாங்கி, உள்ளே போட்டிருக்கும் மார்க் எல்லாம் முகப்புக் கட்டத்துக்கு வந்திருக்கிறதா, கூட்டல் சரியா, திருத்தாமல் விட்ட பக்கம் ஏதும் உண்டா என்று பார்ப்பார். ஒரு பருவத் தேர்வுக்குப் பன்னிரண்டாயிரம் தாள் அவர் கை வழியாகப் போகும். தாளுக்கு நாற்பது விநாடி.

அப்பா கரியப்பன் ஹனூர்ப் பக்கத்திலிருந்து கொத்து வேலைக்கு மைசூர் வந்தபோது வடிவுக்கு நான்கு வயது. மண்டி மொஹல்லாவில் ஒரு மாடி அறை, அரசுப் பள்ளி, மாலைக் கல்லூரியில் பி.காம்., பிறகு தினக்கூலியாக இந்த வேலை. வீட்டில் தமிழ், வெளியே கன்னடம். கூட்டல் மட்டும் எங்கே இருந்தாலும் கன்னடத்தில்தான் ஓடும். வாய்ப்பாடு படித்தது அதில். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதமே, ஒரு மூத்த பேராசிரியர் எழுபத்திரண்டை இருபத்தேழு என்று முகப்பில் எழுதிவிட்டதைக் கண்டுபிடித்தார். அதைத் தானே அடித்துத் திருத்தவில்லை. தாளை எடுத்துக்கொண்டு பேராசிரியரைத் தேடிப் போய், அவர் கையாலேயே மாற்றி எழுத வைத்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் வாங்கி வந்தார். பேராசிரியருக்குக் கோபம்தான். ஆனால் அந்த வருடக் கடைசியில் வடிவு நிரந்தரமானார்.

கணவர் பழனி கொள்ளேகாலத்துக்காரர். ஹெப்பால் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறார். ஒரே மகள் அஷ்வினி. அவள் கல்யாணம், கம்பெனி விழா என்று ஏற்பாடு செய்து தரும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தமிழ் அவளுக்கு வீட்டுச் செருப்பு மாதிரி. வாசல் தாண்டினால் கழற்றிவிடுவாள்.

சென்ற நவம்பரில் ஒரு திங்கட்கிழமை மாலை, ஸ்கூட்டரை நிறுத்திய கையோடு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அஷ்வினி சமையலறைக்குள் வந்தாள்.

"அம்மா, உனக்கு ஒரு கெலச இருக்கு. மூணு நாள். லீவு போடுவியா?"

"என்ன வேலை? பாத்திரம் கழுவறதா?"

"இல்லம்மா. மார்க் கூட்டணும். அழகிப் போட்டிக்கு."

ஹாலில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த பழனி டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

விஷயம் இதுதான். 'மிஸ் மெரிடியன்' என்ற உலகப் போட்டி இந்த வருடம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில், ஆற்றோரத்து ரிசார்ட் ஒன்றில் நடக்கிறது. ஏற்பாட்டு வேலை அஷ்வினியின் நிறுவனத்துக்கு. நாற்பத்தெட்டு நாட்டுப் பெண்கள் வந்து இறங்கியாகிவிட்டது. மார்க்குகளைக் கூட்டிச் சான்று கொடுக்க மும்பையிலிருந்து வரவேண்டிய ஆளுக்கு அம்மை போட்டுவிட்டது. போட்டியாளர் யாரையும் தெரியாத, யாருக்கும் வேண்டியவர் இல்லாத, கூட்டல் தப்பாத ஒருவர் உடனே வேண்டும்.

"கம்ப்யூட்டர் இல்லியா அங்க?" என்றார் வடிவு.

"இருக்கு. ஆனா பேப்பர்லயும் தனியா ஒரு ஆள் கூட்டணும்னு ரூல்ஸ். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் செல்லும். ரூபா மேடம் கேட்டாங்க, நான் சட்டுனு உன் பேரைச் சொல்லிட்டேன்."

"ஏம் புள்ள, போய்த்தான் பாரேன்," என்றார் பழனி. "பி.காம் பசங்க பேப்பரயே எத்தனை காலத்துக்குப் பாப்ப?"

மறுநாள் ரிசார்ட்டின் ஒரு சின்ன அறையில் ரூபாவைச் சந்தித்தார் வடிவு. போட்டியின் இயக்குநர் அவர்தான். ஐம்பது வயது, பெங்களூர்க்காரர், கழுத்தில் இரண்டு அடையாள அட்டை, கையில் இரண்டு போன். வடிவிடம் கன்னடத்தில் பேசினார். முதலில் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்: எந்த மார்க்கையும், யார் எத்தனையாவது என்பதையும், போட்டி முடிந்த பிறகும் யாரிடமும் சொல்லக் கூடாது. கணவரிடமும்.

பிறகு முறையை விளக்கினார். நாற்பத்தெட்டு பேரில் பதினாறு பேர் அரையிறுதிக்குப் போவார்கள். டிவியில் காட்டுவது அந்தப் பதினாறு பேருக்குப் பிறகு நடப்பதைத்தான். அந்தப் பதினாறு பேர் யார் என்பது இரண்டு நாள் முன்பே தீர்மானமாகிவிடும். அதற்கு மூன்று சுற்று. நடுவர்களோடு மூடிய அறையில் நேர்காணல், அதற்கு நாற்பது சதவீதம். உடற்பயிற்சி உடையில் மேடை நடை, முப்பது. மாலை நேரக் கவுன், முப்பது. ஏழு நடுவர்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றிலிருந்து பத்துக்குள் மார்க், அரை மார்க்கும் போடலாம். ஏழு பேர் மார்க்கின் சராசரியை எடுத்து, சதவீதப்படி சேர்த்து, நூற்றுக்குக் கொண்டுவர வேண்டும்.

"அப்போ மேல இருந்து பதினாறு பேர்," என்றார் வடிவு.

"பதினாலு பேர். பதினஞ்சாவது, இணையத்துல ஜனங்க ஓட்டு யாருக்கு அதிகமோ அந்தப் பொண்ணு. பதினாறாவது, நாங்க எடுக்கறது."

"நாங்கன்னா?"

"போட்டி நடத்தறவங்க. நல்ல பொண்ணு ஒருத்தி அன்னிக்கு ஜுரத்துல சரியா நடக்கலைன்னு வைங்க. அவளைக் கைவிட முடியாதில்ல? அதுக்கு ஒரு இடம்."

கருணை மார்க் என்று புரிந்துகொண்டார் வடிவு. அவர்கள் கல்லூரியிலும் அது உண்டு.

"இந்தப் பதினாறு பேர் சனிக்கிழமை மேடை ஏறினதும் பழைய மார்க் எல்லாம் போயிடும். எல்லாருக்கும் பூஜ்யத்துல இருந்து ஆரம்பம். முதலா வந்தவளும் பதினாலாவதா வந்தவளும் ஒண்ணுதான். அதனால யார் எத்தனையாவதுங்கறது உங்களுக்கும் அரக்கு வச்ச உறைக்கும் மட்டும்தான் தெரியும். நடுவர்களுக்கே தெரியாது. இன்னொண்ணு, பொண்ணுங்ககிட்ட பேச்சு வச்சுக்காதீங்க."

இந்தக் கடைசி விதியைத்தான் வடிவு மறுநாளே மீறினார்.

புதன்கிழமை நேர்காணல். எண் போட்ட தாள்களை நடுவர்களிடம் கொடுத்து, நிரப்பியதை மடித்து வாங்கி, பெட்டியில் போட்டுப் பூட்டுவது மட்டும்தான் அன்று அவர் வேலை. மூன்று சுற்றும் முடிந்த பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். காலையில் நடுவர்களைக் கூட்டி வைத்து ரூபா விதிமுறைகளைச் சொன்னபோது ஆறு பேர்தான் இருந்தார்கள். ஆறாம் எண் நாற்காலிக்காரர், ஆஸ்திரியாவிலிருந்து வரவேண்டிய பிர்க்மேயர் என்ற பெரியவர், விமானம் தாமதமாகி, பெட்டியோடு நேராக நேர்காணல் அறைக்கே வந்து உட்கார்ந்தார். "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே தாளை வாங்கிக்கொண்டார்.

அறைக்கு வெளியே நாற்காலிகளில் பெண்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள். அத்தனை பேரும் ஆறடிக்குக் குறையவில்லை என்று வடிவுக்குத் தோன்றியது. முப்பத்தொன்றாம் எண் பெண் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். அருகே போனபோதுதான் தெரிந்தது, அவள் உடுப்பின் முதுகு ஜிப் பாதியில் பிளந்திருந்தது. இன்னும் இரண்டு பேர் போனால் அவள் முறை. கண்ணில் தண்ணீர் நின்றது.

வடிவு சுற்றும் முற்றும் பார்த்தார். ஊசி, பின் ஒன்றும் இல்லை. கைப்பையில் விடைத்தாள் கட்டும் வெள்ளை டேக் ஒரு கொத்து இருந்தது. அது எப்போதும் இருக்கும். ஜிப்பின் மேல் கொக்கி வழியாக ஒரு டேக்கை விட்டு, இழுத்து, கல்லூரிக் கட்டுக்குப் போடும் அதே இரட்டை முடிச்சைப் போட்டு, நுனியை உள்ளே தள்ளினார். மேலே அவளுடைய நீளமான முடியை விரித்துவிட்டார்.

"ஸ்ட்ராங்," என்றார், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "நோ ஓபன்."

பெண் பராகுவேக்காரி. பெயர் லூர்தஸ். கால்நடை மருத்துவம் படிக்கிறாள். அவளுக்கும் ஆங்கிலம் குறைவு. நேர்காணலுக்கு மொழிபெயர்ப்பாளர் உண்டு. ஆங்கிலம் குறைவான இரண்டு பேருக்குள் பேச்சு நன்றாகவே போனது. மாட்டுக்குப் பிரசவம் பார்த்திருக்கிறாளாம். கையை முழங்கை வரை காட்டிச் சிரித்தாள். வடிவு அவளை மனதுக்குள் 'லூர்து' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

உள்ளே போன லூர்து ஏழு நிமிடம் கழித்து வந்தாள். கட்டை விரலைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டிக் காட்டினாள். சுமார்தான் போலிருக்கிறது.

வியாழக்கிழமை காலை மற்ற இரண்டு சுற்றும் நடந்தன. மதியம் இரண்டு மணிக்கு ரிசார்ட்டின் மாடியறையில் பெட்டி திறக்கப்பட்டது. வடிவு, கணினியில் ஏற்ற பெங்களூரிலிருந்து வந்திருந்த பசவராஜ் என்ற நடுத்தர வயதுக்காரர், வாசலில் ஒரு காவலாளி. இருவர் போனும் வெளியே ஒரு தட்டில்.

பசவராஜ் மார்க்குகளைத் தட்டிக்கொண்டே போனார். வடிவு பெரிய தாளில் கோடு கிழித்து, நாற்பத்தெட்டு வரிசை, ஏழு பத்தி என்று எழுதினார். மூன்றரை மணிக்கு இரண்டு பேர் கூட்டலும் ஒன்றாக இருந்தது. முதல் பதினான்கு பெயர் தயார். லூர்து எழுபத்தொன்று புள்ளி நான்கு வாங்கி, பதின்மூன்றாவது இடத்தில் இருந்தாள். வடிவுக்கு முகம் மலர்ந்துபோனது. பசவராஜ் பார்க்காமல் இருக்கத் தண்ணீர் குடித்தார்.

"முடிஞ்சுது மேடம்," என்று பசவராஜ் கைகளை நீட்டிச் சோம்பல் முறித்தார். "கையெழுத்துப் போட்டா டீ குடிக்கலாம்."

வடிவு பேனாவைத் திறந்தார். மூடினார். கூட்டல் சரி. ஆனால் தாள் சரியில்லை. ஏன் என்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் பத்தி பத்தியாக மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். ஆறாம் பத்தியில் விரல் நின்றது.

காலையில் கானா நாட்டுப் பெண் மஞ்சள் கவுனில் வந்தபோது அரங்கத்தில் சமையல்காரர்கள்கூட வந்து எட்டிப் பார்த்தார்கள். ஆறு நடுவர்கள் அவளுக்கு ஒன்பதும் ஒன்பதரையுமாகப் போட்டிருந்தார்கள். ஆறாமவர் ஒன்று. கவுன் காலில் சிக்கித் தடுமாறிய ஒரு பெண்ணுக்கு ஆறு பேர் நான்கு, நான்கரை. ஆறாமவர் ஒன்பது.

"ருசி வேற, அவ்வளவுதான்," என்றார் பசவராஜ்.

"இல்லீங்க சார். இப்படி ஒரு ருசி கிடையாது."

இது வடிவுக்குத் தெரிந்த விஷயம். கல்லூரியில் முதுகலைத் தாள்களை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்துவார்கள். இரண்டு மார்க்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அவர் வேலை. கண்டிப்பான ஆசிரியர் எல்லோருக்கும் குறைத்துப் போடுவார். தாராளமானவர் எல்லோருக்கும் கூட்டிப் போடுவார். வேண்டியவர், வேண்டாதவர் பார்க்கிறவர் ஒன்றிரண்டு பேரிடம் மட்டும் மாறுவார். ஆனால் நாற்பத்தெட்டு பேரிலும், மூன்று சுற்றிலும், மற்றவர்கள் ஏறும் இடமெல்லாம் ஒருவர் இறங்கினால் அது ருசியும் இல்லை, பகையும் இல்லை. அவர் கையில் இருக்கும் அளவுகோல் வேறு.

மூன்று வருடம் முன்பு கல்லூரிக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு மாணவி ஒரு பருவம் படிக்க வந்திருந்தாள். அவள் கொண்டுவந்த மதிப்பெண் பட்டியலில் ஒன்று புள்ளி மூன்று என்று இருந்ததைப் பார்த்து, தேறாத பெண்ணை எப்படிச் சேர்த்தீர்கள் என்று அலுவலகமே குதித்தது. அவள் வகுப்பிலேயே முதல் மாணவி. அவர்கள் ஊரில் ஒன்றுதான் உச்சம். ஆஸ்திரியா ஜெர்மனிக்குப் பக்கம்தானே?

வடிவு வேறொரு தாளை எடுத்து, ஆறாம் பத்தியை மட்டும் தலைகீழாக வைத்து இன்னொரு முறை கூட்டிப் பார்த்தார். ஒன்றுக்குப் பத்து, இரண்டுக்கு ஒன்பது. பதினான்கு பேரில் மூன்று பேர் வெளியே போனார்கள். மூன்று புதுப் பெண்கள் உள்ளே வந்தார்கள். லூர்து அறுபத்தொன்று புள்ளி எட்டுக்கு இறங்கி இருபத்திரண்டாவது ஆனாள். பிர்க்மேயர் அவளுக்கு மூன்று சுற்றிலும் ஒன்பதும் எட்டரையும் போட்டிருந்தார். மனிதருக்கு அவளைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

வடிவு பழைய தாளை மறுபடி முன்னால் இழுத்தார். கூட்டல் சரி. கணினியும் ஒத்துப்போகிறது. யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கலாம்.

"சார், ரூபா மேடத்தக் கூப்பிடுங்க," என்றார்.

ரூபா வந்து, இரண்டு தாளையும் பார்த்து, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினார். அதன் பிறகு கோபம் வந்தது. கோபத்தை வடிவின் மேல்தான் காட்ட முடிந்தது.

"நடுவர் போட்ட மார்க்கை நாம கேள்வி கேக்கறதில்ல. உங்க வேலை கூட்டறது மட்டும்தான்."

"ஆமாங்க மேடம். கூட்டிட்டேன். இப்போ அவர்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும். ஒண்ணே ஒண்ணு."

"அவர்கிட்ட போய் உங்க மார்க் தப்புன்னு சொல்றதா? நாப்பது வருஷ அனுபவம் அவருக்கு!"

"தப்புன்னு சொல்ல வேண்டாம். ஒண்ணு பெருசா, பத்து பெருசான்னு மட்டும் கேப்போம். எந்தப் பொண்ணு பேரும் சொல்ல வேண்டாம். பத்துதான் பெருசுன்னு அவர் சொல்லிட்டா, இங்கயே கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போறேன்."

ரூபா ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். புல்வெளியில் சனிக்கிழமைக்கான ஒத்திகை நடந்துகொண்டிருந்தது; பெண்கள் சாதாரணச் சட்டையில், உயரச் செருப்போடு, வரிசையில் நின்று கையசைத்துப் பழகினார்கள்.

"சரி, ஒண்ணுன்னு சொல்லிட்டா? பசவராஜ் பதினொண்ணுல இருந்து கழிச்சுட்டா எல்லாம் நேராயிடும், இல்லியா?"

"கழிக்கலாம். ஆனா அது நாம போட்ட மார்க் ஆயிடும். அவர் மார்க்கை அவர்தான் மாத்தணும். பக்கத்துல கையெழுத்தும் போடணும். எங்க ஆபீஸ்ல அப்படித்தான்."

ரூபா தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் எழுந்துவிட்டார்.

பிர்க்மேயர் ஆற்றைப் பார்த்த வராந்தாவில் காபி குடித்துக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும்; முதுகு கம்பி மாதிரி. ஜோடி நடனம் ஆடியவர், ஆடச் சொல்லிக்கொடுத்தவர், பிறகு நடனப் போட்டிகளுக்கு நடுவர். ரூபா நலம் விசாரித்தார். ஆறு அழகாக இருக்கிறதா என்று கேட்டார். காபி பிடித்ததா என்று கேட்டார். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை.

வடிவுக்குப் பொறுக்கவில்லை. "சார்," என்று முன்னால் வந்தார். ஒரு விரலைக் காட்டினார். பிறகு பத்து விரலையும் விரித்தார். "விச் இஸ் பெஸ்ட்?"

பெரியவர் சிரித்தார். தன் ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினார். "ஒன். ஆஃப் கோர்ஸ்!"

ரூபா கண்ணை மூடிக்கொண்டார்.

விளக்கிச் சொன்னபோது பிர்க்மேயரின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறி நெற்றி வரை போனது. நடனப் போட்டியில் நடுவர் மார்க் போடுவதில்லை, இடம்தான் போடுவார். சிறந்த ஜோடிக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு. நாற்பது வருடமாகக் கை அப்படியே பழகிவிட்டது. தாளில் 'ஒன்று முதல் பத்து வரை' என்று மட்டும் அச்சடித்திருந்தது. எது மேலே என்று போடவில்லை. புதன்கிழமை காலைக் கூட்டத்தில் சொன்னதைக் கேட்க அவர் இல்லை. அவர் ரூபாவிடம் மன்னிப்புக் கேட்டார், வடிவிடம் கேட்டார், காபி கொண்டுவந்த பணியாளரிடமும் கேட்டுவிட்டார்.

பிறகு மாடியறையில் உட்கார்ந்து, தன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்து, மூன்று சுற்றின் நூற்று நாற்பத்து நான்கு மார்க்கையும் ஒவ்வொன்றாக மாற்றினார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் சுருக்கொப்பம். நடுவில் கை வலித்து, விரலை உதறிக்கொண்டார். "எல்லாத்துக்குமா?" என்று ஒரு முறை கேட்டார். வடிவு தலையாட்டினார். பெரியவர் மறுபேச்சில்லாமல் தொடர்ந்தார். முப்பத்தொன்றாம் வரிசையில் அவர் பேனா ஒன்பதை அடித்து இரண்டு என்று எழுதியபோது வடிவு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆறு மணிக்குப் புதுப் பட்டியல் முடிந்தது. கணினியும் காகிதமும் ஒத்துப்போயின. வடிவு கையெழுத்துப் போட்டார். இணைய ஓட்டில் பிலிப்பைன்ஸ் பெண் வந்திருந்தாள். ஆக, ஒரே ஒரு இடம்தான் பாக்கி. போட்டி நடத்துகிறவர்களின் இடம்.

பசவராஜ் டீ குடிக்கப் போய்விட்டார். ரூபா பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டே கேட்டார்.

"மூணு பேர் மனசுல இருக்காங்க. முடிவு பண்ண முடியல. மூணு நாளா நீங்களும் பாத்துட்டு இருக்கீங்களே, நீங்க யாரைச் சொல்வீங்க? சும்மா ஒரு பேச்சுக்கு."

வடிவுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முப்பத்தொன்று. ஒரே ஒரு சொல். அந்த மூன்று பேரில் அவள் இருக்கலாம். இல்லாவிட்டாலும் இன்று ரூபா தட்டமாட்டார். காலையில் அந்தப் பெண் தூரத்திலிருந்தே முதுகைத் திருப்பிக் காட்டிக் கும்பிட்டது ஞாபகம் வந்தது.

"நான் கூட்டற ஆளுங்க மேடம்," என்றார் வடிவு. "எனக்குப் பாக்கத் தெரியாது."

ரூபா தாய்லாந்துப் பெண்ணின் பெயரை எழுதி, உறையை மூடி, அரக்கு வைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது பழனி சோறு வடித்து வைத்திருந்தார். தட்டைக்கூடப் போடவில்லை, ஆரம்பித்துவிட்டார். "யாரு யாரு புள்ள உள்ள? நம்ம இந்தியா இருக்குதா? அதையாச்சும் சொல்லு."

"சொல்லக் கூடாதுங்க."

"நான் யாருகிட்டச் சொல்லப் போறேன்?"

"கம்பெனில எல்லாத்துகிட்டயும்."

பழனி மறுக்கவில்லை. வடிவு இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சட்டத்தில் அதற்கும் இடம் இருந்ததே, கேட்டதும் அவர்தானே என்று வெள்ளிக்கிழமை முழுவதும் மனம் நச்சரித்தது. சொல்லியிருந்தால் மட்டும்? ஜிப் கட்டிவிட்ட பெண்ணுக்கு ஒரு இடம் என்று ஆகியிருக்கும். ஜிப் அறுந்துபோகாத முப்பது பெண்கள் என்ன பாவம் செய்தார்கள்? இரண்டும் சரியாகத்தான் தோன்றியது. கடைசியில் அலுத்துப்போய், பரண் மேலிருந்த பாத்திரங்களை எல்லாம் இறக்கித் தேய்த்தார்.

சனிக்கிழமை மாலை இறுதிப் போட்டி. வடிவுக்கும் பழனிக்கும் அரங்கத்தில் பின்வரிசையில் இடம் கிடைத்தது. பழனி கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டு வந்திருந்தார். பொத்தான் மட்டும் போட முடியவில்லை. நாற்பத்தெட்டு பெண்களும் மேடையில் நின்றார்கள். ஒவ்வொரு நாட்டின் பெயராக வாசித்தார்கள். வாசித்த வரிசைக்கும் மார்க் வரிசைக்கும் சம்பந்தமில்லை. அது வடிவுக்குத் தெரியும். லூர்துவுக்குத் தெரியாது. ஒவ்வொரு பெயர் வரும்போதும் அவள் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் ஏறி, இறங்கியது. ஏழு, எட்டு, ஒன்பது. பராகுவே இல்லை என்று அந்த அரங்கத்தில் நிச்சயமாகத் தெரிந்த மூன்று நான்கு பேரில் வடிவும் ஒருவர். பார்க்க முடியாமல் மடியைப் பார்த்துக்கொண்டார். பதினாறாவது பெயரும் முடிந்தபோது அரங்கம் ஆர்ப்பரித்தது. இந்தியா உள்ளே இருந்ததால் பழனி எழுந்து நின்று விசிலடித்தார்.

தேறாத முப்பத்திரண்டு பேரும் கைதட்டிக்கொண்டே மேடையின் ஓரம் போனார்கள்.

வடிவு எழுந்து பின்பக்க வராந்தாவுக்குப் போனார். தண்ணீர் குடிக்க என்று பழனியிடம் சொன்னார். அங்கே லூர்து செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாள். ஆனால் இப்போது நிப்பட்டு என்கிற மைசூர்த் தட்டை ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு பாக்கெட். வடிவைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள். நிப்பட்டு ஒன்றை நீட்டினாள்.

"நாலு மாசம் டயட்," என்றாள் உடைந்த ஆங்கிலத்தில். "இப்போ முடிஞ்சுது."

இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். உள்ளே இசை அதிர்ந்தது. லூர்து சட்டென்று கேட்டாள்.

"உனக்குத் தெரியும், இல்லியா? நான் பக்கத்துல வந்தேனா? கொஞ்சமாவது?"

வடிவு அவள் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் என்ன, உள்ளேயே இருந்தாய், இரண்டரை மணி நேரம். 

"சொல்லக் கூடாது," என்று தமிழிலேயே சொல்லி, உதட்டின் மேல் விரலை வைத்தார். பிறகு, அவருக்கே காரணம் புரியாமல் கண் கலங்கிவிட்டது.

லூர்து அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. வடிவின் தோளில் கை போட்டு, தேற்ற வேண்டியவள் தானே என்பதுபோல முதுகில் தட்டிக்கொடுத்தாள். இரண்டு நிமிடத்தில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. லூர்து போனை எடுத்து ஒரு படம் காட்டினாள்: ரப்பர் காலணி, உடம்பெல்லாம் சேறு, கையில் புதிதாகப் பிறந்த கன்றுக்குட்டி. மேடையில் இருந்ததைவிட அதில் நன்றாக இருந்தாள். வடிவு அதை வாய்விட்டே சொன்னார். அதற்குத் தடை எதுவும் எழுதியிருக்கவில்லை.

மகுடம் ஐஸ்லாந்துப் பெண்ணுக்குப் போனது. அவள் இரண்டு பட்டியலிலும் இருந்தவள். புதிதாக உள்ளே வந்த மூவரில் கானா நாட்டுப் பெண் நான்காம் இடம் வரை போனாள். மேடையில் அவள் மஞ்சள் கவுனில் நடந்தபோது நடுவர் வரிசையில் பிர்க்மேயர் எல்லோருக்கும் முன்னால் எழுந்து கைதட்டினார். மற்ற இருவரும் அடுத்த சுற்றிலேயே வெளியேறினார்கள். அவர்கள் உள்ளே வந்தது எப்படி என்று வெளியே யாருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை வடிவு வேலைக்குப் போனார். பி.காம். மூன்றாம் பருவத் தாள்கள் கட்டுக் கட்டாகக் காத்திருந்தன. அறையில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். உலக அழகிகளை இவ்வளவு பக்கத்தில் பார்த்தாயே, யார் ரொம்ப அழகு என்று பக்கத்து மேஜை சரசு கேட்டார்.

"எனக்கு நம்பர்தான் ஞாபகம் இருக்கு," என்றார் வடிவு. பாதிப் பொய்.

பிப்ரவரியில் ரூபாவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. நடுவர்களுக்கான புதுத் தாள். முதல் வரியிலேயே தடித்த எழுத்தில், பத்துதான் உச்சம், ஒன்று கடைசி. கீழே இன்னொரு வரி: திருத்தம் எதுவானாலும் நடுவரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதற்கடியில் ரூபாவின் குரல் செய்தி. அடுத்த போட்டி கொழும்பில். மும்பைக்காரர் குணமாகிவிட்டார், ஆனாலும் நீங்கள்தான் வர வேண்டும்; பாஸ்போர்ட் இருக்கிறதல்லவா?

இல்லை. நாற்பத்தேழு வயதுவரை அதற்குத் தேவை வந்ததில்லை. அஷ்வினி விண்ணப்பம் போட்டாள். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விசாரிக்கக் காவல் நிலையத்திலிருந்து கெம்பையன் என்ற ஏட்டு வந்தார். வடிவு காய் வாங்கப் போயிருந்தார். பழனிதான் உட்கார வைத்தார்.

"என்ன விஷயமா வெளிநாடு போறாங்க?"

"அழகிப் போட்டிக்குங்க," என்றார் பழனி பெருமையாக.

ஏட்டு பேனாவை நிறுத்தினார். விண்ணப்பத்தில் பிறந்த தேதியை ஒரு முறை பார்த்தார். அந்த நேரம் பார்த்து வடிவு, இரண்டு கையிலும் பை, ஒன்றிலிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்க, மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தார்.

"மார்க் கூட்டறதுக்குங்க சார்," என்றார், முழுவதும் கேட்காமலேயே. "எழுதிக்குங்க. ஆபீஸ் வேலை மாதிரிதான்."

ஏட்டு அப்படியே எழுதிக்கொண்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.